தகர வேலி அடிப்பதற்கு முன்னால்

பினாங்கு மாநில அரசுக்கும் பினாங்குத் தீவு மாநகராண்மைக் கழகத்துக்கும்,

வணக்கம். தண்ணீர்மலை அடிவாரத்தில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவன் எழுதுகிறேன். தைப்பூசத்தன்று எங்கள் சாலையில் பெரிய மரங்களின் அடியில்தான் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். நிழல் விழுந்த தார்ச்சாலைக்கும் விழாததற்கும் உள்ள வித்தியாசத்தை வெறுங்காலோடு காவடி எடுத்து வருகிறவர்களிடம் கேளுங்கள்.

தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) கேபிள் கார், தீவிலிருந்து பெருநிலத்துக்கு எல்.ஆர்.டி. இலகு ரயில் என்று வேலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆயர் ஈத்தாம் நெரிசலில் பாதி ஆயுளைக் கழித்தவன்; ரயில் ஓடினால் முதல் நாளே ஏறிவிடுவேன். எனக்கு உள்ள வழக்கு, மரத்தைக் காப்பதா மண்ணைத் தோண்டுவதா, எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான்.

எங்கள் தெருமுனையில் ஓர் அடுக்குமாடி எழுந்தபோது, ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை வெட்டவில்லை. அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் கால்வாய்க்காக அடிமரத்திலிருந்து நாலடி தள்ளிப் பள்ளம் தோண்டினார்கள். மறுபக்கம் கல்லைக் கொட்டி, அதன்மேல் லாரிகளை நிறுத்தினார்கள். மூன்றாம் வருஷ மழையில் மரம் சாய்ந்தது. பழி காற்றின் தலையில். "காலை வெட்டிட்டு, ஏன் விழுந்தேன்னு கேக்குறாங்க" என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

பாட்டி சொன்னதுதான் விஷயம். பெருமரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இரண்டு மூன்று அடி ஆழத்துக்குள், கிளை விரிந்த அளவையும் தாண்டிப் படர்ந்திருக்கிறது. அடிமரத்தின் குறுக்களவைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் மண்ணைத் தொடாதே என்கிறது ஆஸ்திரேலியத் தரவிதி. ஒரு மீட்டர் குறுக்களவுள்ள மரத்துக்கு 12 மீட்டர். நம் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். நல்லது. மண்ணுக்குள் வேரை அறுக்கிறவனை யார் நிறுத்தி விசாரிக்கிறார்கள்?

ஆகவே, வேலை நடக்கும் இடத்தைச் சுற்றித் தகர வேலி அடிக்குமுன் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, இனம், சுற்றளவு, நிற்குமா போகுமா என்ற முடிவு எல்லாவற்றையும் பலகையில் ஒட்டுங்கள். வேர்ப்பரப்பைச் சுற்றி முதலில் வேலி, பிறகுதான் இயந்திரம். மர நிபுணர் ஒருவர் தினமும் அங்கே இருக்க வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர் போதாது.

லோத்தோங் குரங்குகளை மறந்துவிடாதீர்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். குட்டியோ மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியது போல இருக்கும். மரத்துக்கு மரம் தாவியே பிழைக்கிற பிராணி அது. நடுவில் நாலு மரம் போனால் தரையில் இறங்கும். இறங்கினால் கார், இல்லையென்றால் நாய். தெலுக் பாகாங்கில் 2019இல் இந்தக் குரங்குகளைக் காக்கப் பாடுபடும் லங்கூர் ப்ராஜெக்ட் பினாங்கு குழுவினர், பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே பாலம் கட்டினார்கள். செலவுக் கணக்கில் அது எந்த மூலைக்கு? ஆனால் மரத்தை வெட்டிய பிறகு கட்டிப் பயனில்லை. குரங்குகள் அதை நம்பிக் கால் வைக்கவே நாளாகும். வெட்டுவதையும் ஊர்ப்பக்கம் தொடங்கிக் காட்டை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் அவை தப்பிப் போக வழி கிடைக்கும்.

ஒரு மரத்துக்குப் பதில் இத்தனை கன்று என்ற கணக்கை மட்டும் காட்டாதீர்கள். இடுப்புயரக் கன்றில் எந்தக் குரங்கு தாவும்? பாக்கு மரத்தின் பெயரைச் சுமக்கிற தீவு இது. கொடிமலையை யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக 2021இல் அறிவித்தபோது எல்லாரும் சேர்ந்துதான் கைதட்டினோம்.

அடுத்த வேலைக்குக் கையெழுத்திடும் முன், ஒரு நாள் காலை ஏழு மணிக்குத் திட்டப் பொறியாளரோடு பூங்கா வாசலுக்கு வாருங்கள். எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குக் குரங்குகள் தாவுகின்றன என்று நான் காட்டுகிறேன். வரைபடத்தைக் கையோடு கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர்மலை அடிவாரத்துக் குடியிருப்பாளன்