வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கும் வழி சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூன் மாதம் வந்தால் பள்ளிச் சேர்க்கை, கட்டணம், புதுப் புத்தகம் என்று பத்திரிகை நிறைய செய்தி வருகிறது. பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிற எங்களைப் போன்றவர்களுக்கும் அதில் ஒரு ஓரம் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. நான்காம் வகுப்பில் மகள் தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுவாள், லீவு நாளில் மட்டும் வலி வராது. ஒரு வருடம் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டோம். சொந்தக்காரர்கள் பேசாத பேச்சில்லை, அது போகட்டும்.

ஆனால் என்ன பாடம் நடத்துவது என்பதில் முதல் வருடம் தடுமாறிப் போனோம். வெளிநாட்டுப் பாடத்திட்டம்தான் உசத்தி என்று யாரோ சொல்ல, அமெரிக்கப் பாடப் புத்தகங்களை ஒரு பெட்டி நிறைய வாங்கினோம். கணக்குப் புத்தகத்தில் காசு எண்ணும் பாடம் வந்தது. 'டைம்' என்றால் அங்கே பத்து சென்ட் நாணயம். மகள் அதை மணி என்று நினைத்துக்கொண்டு கடிகாரம் வரைந்து வைத்திருந்தாள். கணக்கு அவளுக்கு நன்றாகவே வரும், புரியாமல் போனது அந்தக் காசு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் நம் அரசுப் பாடநூல்களைக் கையில் எடுத்தேன். 2018இலிருந்து படிப்படியாக மாற்றி வந்த புத்தகங்கள், இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் பாடத்துக்கான வீடியோவும் வருகிறது. சமூக அறிவியலில் விஷயத்தைத் திணித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம், அறிவியலும் கணக்கும் அருமை. பின்னம் நடத்தியபோது இட்லிக்கு ஊறப்போடும் அரிசியையும் உளுந்தையும் மகனையே அளக்கச் சொன்னேன். நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. 'உளுந்து நாலில் ஒரு பங்கு' என்றான். சரி, எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி மொத்தம் எத்தனை டம்ளர் என்று எண்ணிப் பார் என்றேன். கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'அஞ்சில் ஒண்ணும்மா' என்றான், நான் எதுவும் சொல்லாமலே.

இப்போது கவலை மகளின் பத்தாம் வகுப்பு. பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத வழி செய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயதில் எழுதலாம், ஐந்து பாடம் போதும், ஒரே தடவையில் எழுதவேண்டியதில்லை, ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாகவும் முடிக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராகவும் எழுதலாம், ஆனால் அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொள்ள நான் ஏறி இறங்கிய அலுவலகங்கள் மூன்று. ஒரு இடத்தில் 'முதலில் பிள்ளையை ஸ்கூலில் சேருங்கம்மா' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் என்னவோ குற்றம் செய்தவள் மாதிரி வெளியே வந்தேன்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் வீட்டில் படிக்கும் பிள்ளையைப் பற்றித் தெளிவாக ஒரு வரி அதில் இல்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது, அதாவது எங்கள் பிள்ளைகள் என்றைக்கு வேண்டுமானாலும் பள்ளிக்குத் திரும்பலாம். இதைக்கூட யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மாவட்டக் கல்வி அலுவலகங்களில் பத்தாம் வகுப்பு எழுத இருக்கும் இந்த இரண்டு வழிகளையும், வயது வரம்பையும், விண்ணப்பிக்கும் மாதங்களையும் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து ஒட்டி வைத்தால் போதும். அது நடக்கிற வரைக்கும் உங்கள் கல்விப் பக்கத்திலாவது ஒரு முறை முழுசாக வெளியிடுங்கள். என் மகளுக்கு அடுத்த வருடம் 14 ஆகிறது.

இப்படிக்கு,
இரு பிள்ளைகளின் தாய்,
கோபிசெட்டிபாளையம்