60 டாலர் வாடகையின் கணக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அமெரிக்க அலுவலகக் கட்டட ரீட் (கட்டடங்களை வைத்திருந்து, வரும் வாடகையைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கும் கம்பெனி) ஒன்றின் ஆண்டறிக்கையை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு, நஷ்டம் காட்டுகிற கம்பெனி டிவிடெண்ட் எப்படிக் கொடுக்கிறது என்று கேட்டிருக்கிறாய். தொழிற்சாலைக் கணக்கு பார்த்துப் பழகியவர்கள் எல்லோரும் முதலில் இடறுகிற கல் அது. நஷ்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் தேய்மானம்தான். கட்டடத்தின் விலையைச் சுமார் 40 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுகிறார்கள், ஆனால் அதற்காக அந்த ஆண்டு பணம் எதுவும் வெளியே போவதில்லை.

1960-ல் வந்த சட்டம் ரீட்டுக்குப் போட்ட நிபந்தனைகள் உனக்குத் தெரிந்தவைதான்: சொத்திலும் மொத்த வருமானத்திலும் 75 சதவீதமாவது நிலம், கட்டடம் சார்ந்ததாக இருக்க வேண்டும், வரிக்குரிய வருமானத்தில் 90 சதவீதத்தையாவது பங்குதாரருக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த தொகைக்குக் கம்பெனி வரி இல்லை. ஒரு புதுச் செய்தி: முழு வரி கட்டும் துணை நிறுவனங்களில் வைக்கக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 2026 முதல் 20-லிருந்து 25 சதவீதமாகிறது. வாடகையை மட்டுமே நம்பியிருக்கும் அலுவலக ரீட்டுக்கு இதனால் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அமைப்பை முதலில் பிடித்துக்கொள். கட்டடங்கள் பெரும்பாலும் ரீட்டின் பெயரில் நேரடியாக இருக்காது. அதற்குக் கீழே கட்டடத் தொழிலை நடத்தும் கூட்டு நிறுவனமான ஓர் ஆபரேட்டிங் பார்ட்னர்ஷிப், அதற்கும் கீழே கட்டடத்துக்கு ஒன்றாகத் தனித்தனி நிறுவனங்கள். 1992-ல் தொடங்கிய ஏற்பாடு இது. கட்டடத்தை விற்றால் லாபத்துக்கு வரி கட்ட வேண்டிய பழைய உரிமையாளர், அதைப் பார்ட்னர்ஷிப்புக்குக் கொடுத்து, பதிலுக்கு அதில் யூனிட் எனப்படும் பங்குரிமையை வாங்கிக்கொண்டால் வரி தள்ளிப்போகும். அந்த யூனிட்டைப் பிறகு பணமாகவோ, வழக்கமாக யூனிட்டுக்கு ஒரு பங்காகவோ மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பங்குக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது யூனிட்டுகளையும் சேர்த்து வகுக்க வேண்டும். நீ அனுப்பிய கணக்கில் மேலே பார்ட்னர்ஷிப் முழுவதன் வருவாயைப் போட்டுவிட்டு, கீழே பங்குகளை மட்டும் போட்டிருக்கிறாய். உனக்கு வந்த எண் அதனால்தான் அவர்கள் சொல்வதைவிட அதிகமாக இருக்கிறது.

இனி எஃப்.எஃப்.ஓ., அதாவது இயக்கத்திலிருந்து வரும் நிதி. ரீட் சங்கமான நரீட் 1991-ல் வகுத்த அளவுகோல். நிகர லாபத்தோடு கட்டடத் தேய்மானத்தைக் கூட்டி, சொத்து விற்ற லாபத்தைக் கழித்து, கட்டடத்தின் மதிப்புக் குறைப்பைத் திரும்பக் கூட்ட வேண்டும். இது தணிக்கைக் கணக்கில் வராத எண் என்பதால், நிகர லாபத்திலிருந்து எப்படி வந்தது என்று படிப்படியாகக் காட்டும் அட்டவணையும் கூடவே வர வேண்டும் என்பது பங்குச் சந்தை ஆணையத்தின் விதி. கிடங்கு, அடுக்குமாடிக் குடியிருப்பு ரீட்டுகளுக்கு இந்த எண் ஓரளவு நியாயமாகவே பொருந்துகிறது. அலுவலகக் கட்டடத்தில் அதைத் தனியாக நம்பினால் கையைச் சுட்டுக்கொள்வாய்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார். சதுர அடிக்கு ஆண்டுக்கு 60 டாலர் வாடகை, 10 ஆண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டு இலவசம். குடிவருபவருக்குச் சுவர், தரை, விளக்கு, குளிரூட்டும் குழாய் என்று உள்வேலைக்குச் சதுர அடிக்கு 100 டாலர் உரிமையாளர் தருகிறார். தரகருக்குக் கமிஷன் 25. பத்தாண்டில் வரும் வாடகை 540. அதில் 125 போனால் மிச்சம் 415, அதாவது ஆண்டுக்கு 41.50. செய்திக் குறிப்பில் கொட்டை எழுத்தில் வருவது 60.

புத்தகத்தில் அது எப்படி ஏறுகிறது தெரியுமா? ஒப்பந்த வாடகையைச் சமமாகப் பிரிக்க வேண்டும் என்பது விதி, ஆகவே ஒவ்வோர் ஆண்டும் வருமானம் 54. முதல் ஆண்டில் கைக்கு ஒரு காசு வரவில்லை, 125 வெளியே போயிருக்கிறது, ஆனாலும் எஃப்.எஃப்.ஓ.வில் 54 நிற்கிறது. உள்வேலையும் கமிஷனும் சொத்தாக ஏறி, ஆண்டுக்கு 12.50 வீதம் கரையும். அப்படிக் கரைந்த தொகையையும் எஃப்.எஃப்.ஓ. திரும்பக் கூட்டிவிடுகிறது. அந்த 125 டாலர் பத்தாண்டிலும் ஒருமுறைகூட அதன் கண்ணில் படாது.

குடியிருப்பவர் இரண்டாம் ஆண்டு முடிவில் திவாலானார் என்று வை. புத்தகத்தில் வருமானம் 108 ஏறியிருக்கும், கைக்கு வந்தது 60. வராத 48-ஐ ஒரே காலாண்டில் வாடகை வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும், இது எஃப்.எஃப்.ஓ.வை நேராக அடிக்கும். உள்வேலை, கமிஷனில் கரையாமல் நிற்கும் 100 டாலரும் அப்போதே போகும். ஆனால் அது தேய்மானத் தலைப்பில் போவதால் எஃப்.எஃப்.ஓ.வில் தெரியாது. வசூலாவது சந்தேகம் என்று முன்பே தீர்மானித்துவிட்டால், அதற்குப் பிறகு கையில் வந்த பணத்தை மட்டுமே வருமானமாக எழுதலாம். சில காலாண்டுகளில் வாடகை வருமானம் காரணமில்லாமல் குதிப்பதும் சரிவதும் பெரும்பாலும் இதனால்தான்.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் ஏ.எஃப்.எஃப்.ஓ., அதாவது திருத்திய எஃப்.எஃப்.ஓ., என்ற இன்னோர் எண். சமப்படுத்திய வாடகையின் பணமில்லாப் பகுதி, உள்வேலை, கமிஷன், கட்டடப் பராமரிப்பு மூலதனம் எல்லாவற்றையும் கழித்தது. ஆனால் இதற்குப் பொது வரையறை கிடையாது. ஒரு கம்பெனி, முன்பு ஆள் இருந்து காலியாகி மறுபடி ஆள் வரும் இடத்தின் செலவை மட்டும் கழிக்கும். புதிதாக வாங்கிய கட்டடத்தில் காலியாக இருந்த இடத்தை நிரப்பிய செலவை 'வளர்ச்சி' என்று வெளியே வைத்துவிடும். அந்த அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடாதே. டிவிடெண்டை இந்த எண்ணோடு வைத்துப் பார். அதைத் தாண்டினால், உள்வேலைக்கான பணம் வங்கிக் கடனிலிருந்து வருகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

காலாண்டு முடிவுகளோடு வரும் துணை அறிக்கையில் இன்னும் சில இடங்களில் கண் வை. 'குத்தகைக்கு விடப்பட்டது' என்பதில் கையெழுத்தாகி இன்னும் ஆள் வராத இடமும் சேரும், 'ஆள் இருக்கும் இடம்' என்பதில் சேராது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் வாடகை பிறகு வரும், செலவு இப்போதே வரும். பழைய கட்டடங்களின் நிகர இயக்க வருமானம் (வாடகையிலிருந்து கட்டடத்தை நடத்தும் செலவைக் கழித்தது) ஏறியிருந்தால், எந்தக் கட்டடம் அந்தப் பட்டியலிலிருந்து 'புதுப்பிப்புக்காக' வெளியே போனது என்று தேடு. காலியான கோபுரத்தை வெளியே எடுத்தாலே மீதி எல்லாம் அழகாகத் தெரியும். வேறொருவரோடு சேர்ந்து கட்டடம் வைத்திருக்கும் கூட்டு முயற்சிகள் இருப்புநிலைக் குறிப்பில் ஒற்றை வரியாக வரும். பாதிப் பங்கு வைத்திருக்கும் கட்டடத்தின் மேல் 60 கோடி டாலர் கடன் இருந்தால், நம் பங்கான 30 கோடி அந்தக் குறிப்பில் கடனாகவே தெரியாது. துணை அறிக்கையில் 'நம் பங்கு' என்ற பத்தியில் கிடைக்கும்.

கட்டட மதிப்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். அமெரிக்கக் கணக்கில் வாங்கிய விலையிலிருந்து தேய்மானம் கழித்த எண்தான் நிற்கும், சந்தை விலை வராது. மதிப்புக் குறைக்க வேண்டுமா என்ற சோதனையில் எதிர்கால வரவை வட்டி கழிக்காமல் அப்படியே கூட்டுவார்கள். புத்தகத்தில் 20 கோடி, நீண்ட காலம் வைத்திருந்தால் வரவு மொத்தம் 21 கோடி, இன்றைய விலை 12 கோடி என்றால் குறைப்பு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டில் விற்கலாம் என்று மனம் மாறினால் கூட்டுத்தொகை சுருங்கி, ஒரே காலாண்டில் 8 கோடி விழும். கட்டடம் அதேதான், மாறியது வைத்திருக்கும் காலம் மட்டும். அதனால் ஆண்டறிக்கையின் கடைசியில் உள்ள மூன்றாம் அட்டவணையில் ஒவ்வொரு கட்டடத்தின் விலை, தேய்மானம், அடமானக் கடன் மூன்றையும் பார்த்து, அந்தக் கடன் முதிரும் ஆண்டைக் கடன் பட்டியலில் தேடிப் பக்கத்தில் எழுதிக்கொள். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் முதிர்ந்து, ஒப்பந்தங்களும் அப்போதே முடிகிற கட்டடங்களைத் தனியாகக் குறித்து எனக்கு அனுப்பு. மற்றதை அவற்றை வைத்துக்கொண்டு பேசலாம்.

அன்புடன்,
ரகு