செயலாளரின் ஆண்டறிக்கை: பூச்சிப் பெட்டியும் நிலுவைச் சந்தாவும்

நமது பல்லி வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மழையையும் பாராமல் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் உரிய முறையில் நடந்தது. பொங்கல் ஒன்றுகூடலும் மிருக வைத்தியரின் கருத்துரையும் இடம்பெற்றன. நம் நாட்டு ஓணான்களைப் பிடித்து வளர்ப்பது சட்டவிரோதம் என்பது மீண்டும் நினைவூட்டப்பட்டது. ஹோர்ட்டன் சமவெளியின் கொம்பு ஓணான் காட்டிலேயே இருக்கட்டும். நமது அக்கறை வெளிநாட்டு வளர்ப்புப் பல்லிகளான லெபர்ட் கெக்கோவும் பியர்டட் டிராகனும்தான்.

பல்லிகளுக்கு உணவாகும் பூச்சிகளை வளர்க்கும் பூச்சிப் பெட்டிக்குச் சங்கப் பணம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அதற்கு விளக்கம் தருவது என் கடமை.

பல்லியின் உணவில் பொஸ்பரசைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கல்சியம் இருக்க வேண்டும். நாம் பெட்டியில் வளர்க்கும் சுவர்க்கோழிப் பூச்சியில் இது தலைகீழ். ஒரு பங்கு கல்சியத்துக்கு ஏழு பங்கு பொஸ்பரஸ். மாப்புழுவில் இதைவிட மோசம், கொழுப்பும் ஏறத்தாழ இரு மடங்கு. மெழுகுப்புழுவின் எடையிலேயே கால் பங்கு கொழுப்பு. மெலிந்த பல்லிக்கு ஒன்றிரண்டு கொடுக்கலாம், தினமும் கொடுத்தால் வேறெதையும் தொடாது. கல்சியம் குறைந்தே போனால் தாடை இரப்பர்போல வளையும், விரல்கள் நடுங்கும், கால்கள் கோணும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் மட்டும் கல்சியம் தாராளம். ஆனால் அந்த ஈ இணைசேர நல்ல வெயில் வேண்டும். நுவரெலியா மூடுபனியில் அதை நம்பியிருக்க முடியாது.

ஆகவே சுவர்க்கோழியைத்தான் சத்துள்ளதாக்க வேண்டும். அது தின்னும் தீனியே பல்லிக்குப் போய்ச் சேருகிறது. முட்டைக்கோழித் தீவனம் பத்துப் பங்குக்கு, மாவாக அரைத்த கல்சியம் காபனேற் ஒன்றரைப் பங்கு கலந்து, பல்லிக்குப் போடுவதற்கு முந்திய 24 முதல் 48 மணித்தியாலம் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் நீடித்தால் சுவர்க்கோழி சாகக்கூடும். தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், குஞ்சுகள் மூழ்கும். தோல் சீவிய கறட் துண்டு போதும். மருந்தடித்த கோவா இலை கூடவே கூடாது. தேயிலைச் செடியில் பிடித்த பூச்சியும் அப்படித்தான். மின்மினி பியர்டட் டிராகனைக் கொல்லக்கூடிய நஞ்சு.

போடும் நேரத்தில் பையிலிட்டுக் கல்சியத் தூளில் குலுக்கி உடனே கொடுங்கள். தாமதித்தால் சுவர்க்கோழி தன் காலையும் மீசையையும் நக்கித் தூளை நீக்கிவிடும். பூச்சியின் நீளம் பல்லியின் இரு கண்களுக்கிடையேயான அகலத்தைத் தாண்டக்கூடாது. எஞ்சியவற்றைப் பல்லி தூங்குமுன் எடுத்துவிடுங்கள், தூங்கும் பல்லியின் விரலைக் கடிக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தூளாக்கிப் போடுவது பற்றிக் கேட்கிறார்கள். கூடாது, அது வாயைப் புண்ணாக்கிவிடும். முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலித்தது நல்லது.

பெட்டிக்கு 30 பாகை வெப்பம் தேவை. ஈரத் தும்புத்தூளில் இட்ட முட்டை அப்போது ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பொரிக்கும். நமது ஊரின் சராசரி வெப்பமோ 16 பாகை. ஆகவேதான் மின்குமிழும், மின்கட்டணமும், முறைவைத்துப் பார்க்க ஆட்களும். முறைப்பட்டியலில் பெயர் எழுதியவர்களில் பலர் வரவில்லை. மின்வெட்டு நாளில் சாக்குப் போர்த்தவும் ஆளின்றி ஒரு தட்டு முட்டை முழுதும் குளிர்ந்து போனது. பூச்சி எடுத்துச்செல்ல மட்டும் வரிசை குறையவில்லை. சந்தா நிலுவையில் உள்ளவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள் என்பதை மனவருத்தத்துடன் பதிவுசெய்கிறேன்.

வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். பெருஞ்செலவு மின்கட்டணம். விபரம் பொருளாளரிடம் உண்டு.

இடம் தந்த வாசிகசாலைக்கும், கருத்துரை தந்த வைத்தியருக்கும், தேநீர் தயாரித்த மகளிர் அங்கத்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டாவது பெட்டி வைக்க ஆசை. ஒரு பெட்டி முட்டைக்கும் மற்றது தீனி ஊட்டவும் இருந்தால் எல்லோருக்கும் தொடர்ந்து பூச்சி கிடைக்கும். வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்றும், தைக்குள் நிலுவைச் சந்தாவும் கிடைத்தால் முடியும். முறைப்பட்டியல் கதவருகில் தொங்குகிறது, பேனாவும் இருக்கிறது.