மூவாயிரம் வேண்டாம், கயல்

ராயபுரம், சென்னை

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். உன் 1987 கமாரோ காருக்கு, எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் மூவாயிரம் ஸ்டால் உள்ளதைப் போடும்படி நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். இரண்டு நாளாக எனக்கு அதே நினைவு. போடாதே, அம்மா.

துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்டுகளோடு முப்பத்தொரு ஆண்டு கழித்தவன் நான். அவற்றிலும் இதே கன்வெர்ட்டர்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டால் சோதனை செய்யச் சொன்னார்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்து, கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுழற்சிக்கு மேல் ஏறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண்தான் ஸ்டால். ஐந்து வினாடிக்குள் காலை எடுத்துவிட வேண்டும். முள் சரியாகத் தெரியவில்லை என்று நான் அரை நிமிடம் மிதித்தபடியே இருந்துவிட்டேன். வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. எஞ்சின் கொடுத்த சக்தியெல்லாம் ஆயிலில் சூடாக இறங்கியது. சீல் போய், கருகிய ஆயில் தரையில் ஓடியது. அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கன்வெர்ட்டர் வழுக்கும்போதுதான் இழுவையைப் பெருக்கும். புறப்படும் கணத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அந்த வழுக்கலுக்கு விலை சூடு. பந்தயக் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட எஞ்சின் கீழ்ச் சுழற்சியில் உயிரில்லாமல் கிடக்கும். அதற்கு மூவாயிரம் நியாயம். உன் 350 எஞ்சினில் யாரும் கை வைக்கவில்லை. அது கீழேயே நன்றாக இழுக்கும். போதாததற்கு உன் 700ஆர்4 கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதம் 3.06, பின் அச்சு விகிதம் 3.27. இரண்டையும் பெருக்கிப் பார், பத்து மடங்கு வருகிறது. புறப்பட இதற்கு மேல் என்ன வேண்டும்?

நீ தினமும் ஓட்டுவதை நினைத்துப் பார். மூன்றாம் கியரில் நாற்பது மைல் வேகத்தில் எஞ்சின் சுமார் 1,700 சுற்றும். மூவாயிரம் கன்வெர்ட்டர் அங்கே வண்டியை நகர்த்தாமல் இருக்காது. ஆனால் நீ மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் முதலில் கத்தும், வண்டி பிறகுதான் வரும். ஹூஸ்டன் வெயிலில், நம் ஜி.எஸ்.டி. சாலை மாலை நெரிசலைப் போல ஊர்ந்து போகும்போது, ஆயில் என்ன பாடுபடும்! மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து வரும் பிள்ளை நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கக் கூடாது.

2,000 முதல் 2,200 வரை போதும். வண்டியில் இருக்கும் பழைய கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அதையே விட்டுவிடு என்றுகூடச் சொல்வேன். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாதே. அதே கன்வெர்ட்டர் வலுவான எஞ்சினுக்குப் பின்னால் அதிகமாகவும், வலுக்குறைந்ததற்குப் பின்னால் குறைவாகவும் ஸ்டால் காட்டும். வண்டியின் எடை, அச்சு விகிதம், டயர் அளவு, கேம்ஷாஃப்ட் எல்லாவற்றையும் விற்பவரிடம் சொல்லிவிட்டு வாங்கு.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் இல்லாத கன்வெர்ட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதே. அறுபது மைலில் ஓவர்டிரைவில், அதாவது நான்காம் கியரில், எஞ்சின் 1,800 அளவில்தான் சுற்றும். அப்போது லாக்-அப் பிடித்துக்கொண்டால் வழுக்கலே இருக்காது. ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஓர் ஆயில் கூலரும் வைத்துவிடு. கார்புரேட்டரோ இன்ஜெக்‌ஷனோ, த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் டி.வி. கேபிளை அங்குள்ள மெக்கானிக்கை வைத்துச் சரிபார்த்துக்கொள். அது தளர்ந்திருந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் கருகிவிடும். எத்தனை நல்ல கன்வெர்ட்டர் போட்டாலும் காப்பாற்ற முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, வாங்குவதற்கு முன் அந்தக் கன்வெர்ட்டரின் விவரத்தை எனக்குப் படித்துக் காட்டு. டிப்ஸ்டிக்கைத் துடைத்த வெள்ளைத் துணியையும் படம் எடுத்து அனுப்பு. ஆயில் சிவப்பாக இருக்கிறதா, பழுப்பாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா