மெர்த்தர் கதை எழுத உதவியவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

மெர்த்தர் டிட்வில் கால்பந்து கிளப்பின் கதையை ஒருவழியாகத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். தெற்கு வேல்ஸின் மலைகளுக்கு நடுவே இருக்கும் பழைய இரும்பு ஊர் மெர்த்தர். கிளப் 2010-ல் கடன் தாங்காமல் கலைக்கப்பட்டது. "இதைத் தமிழில் யார் கேட்டார்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். யாரும் கேட்கவில்லைதான். வேலைக்காக இந்த ஊருக்கு வந்தேன். குடியிருந்த வீட்டு ஜன்னலைத் திறந்தால் மைதானத்து விளக்குக் கம்பம் தெரிந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அம்மாவுக்கு. ஊர்ப் பெயரையே நான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேல்ஸ் மொழியில் ஒற்றை எஃப் வந்தால் 'வ' என்றுதான் ஒலிக்கும், அதனால் 'டிட்ஃபில்' இல்லை, 'டிட்வில்' என்று சமையலறையில் நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். இரண்டு 'எல்' எழுத்து சேர்ந்து வரும் வேல்ஸ் ஒலியை மட்டும் கடைசிவரை என் நாக்கு ஏற்கவில்லை. பதிலுக்கு அவரை 'ழ' சொல்லச் சொன்னேன். கணக்கு நேராகிவிட்டது.

டிட்வில் என்பவள், மதத்துக்காகக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் ஓர் இளவரசி. மெர்த்தர் என்றால் அப்படி உயிர்விட்டவர். அதனால்தான் இந்த ஆட்டக்காரர்களை ஊரார் 'மார்ட்டர்ஸ்' என்கிறார்கள். இரண்டு தடவை செத்த கிளப்புக்குப் பொருத்தமான பெயர் என்று எழுதியிருந்தேன். மலிவான விளையாட்டு என்று அந்த அம்மா அடிக்கச் சொன்னார். புத்தகத்தில் அடித்துவிட்டேன், இங்கே மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

அடுத்து, பழைய செய்தித்தாள்களைச் சலிக்காமல் எடுத்துத் தந்த நூலகத்து நண்பருக்கு. முதல் சாவைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது, அவர்தான் காட்டினார். ஊரின் பழைய கிளப்பான மெர்த்தர் டவுன் 1920-ல் இங்கிலாந்தின் ஃபுட்பால் லீகில் சேர்ந்தது. அந்தக் காலத்தில் மூன்றாவது டிவிஷனில் கடைசியில் நின்றவர்கள் 'எங்களை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று விண்ணப்பிக்கவேண்டும். மற்ற கிளப்கள் ஓட்டுப்போட்டு முடிவு செய்யும். மெர்த்தர் 1922 முதல் 1925 வரை வெளியூரில் ஆடிய 61 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. மலைக்கு அந்தப்பக்கம் இருந்த அபர்டேர் 1927-ல் இப்படித்தான் ஓட்டில் வெளியே போனது. 1930-ல் மெர்த்தரின் முறை. அதன் இடத்தைப் பிடித்தது லண்டனைச் சேர்ந்த தேம்ஸ் என்ற கிளப். அது இரண்டே வருஷத்தில் மூட்டை கட்டியது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஆட்டக்காரர்களைக் குறைசொல்லி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நண்பர் பதில் சொல்லாமல் அதே 1930-ஆம் வருஷத்துத் தாள் ஒன்றை மேஜையில் வைத்தார். மெர்த்தரின் டௌலெய்ஸ் இரும்பாலை மூடப்பட்ட வருஷம் அது. அடுத்த சில வருஷங்களில் ஊரில் பாதிப்பேருக்கு மேல் வேலை இல்லை. சோற்றுக்கே வழியில்லாதவன் டிக்கெட் வாங்க எங்கே போவான்? 1934-ல் கிளப் முடிந்தது. அந்தப் பத்தியை மொத்தமாகக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அதற்காகவும் அவருக்கு நன்றி.

மைதானத்தின் கதவைத் திறந்து உள்ளே விட்டவருக்கும் ஒரு வார்த்தை. பெனடாரன் பார்க் புல்லுக்கு அடியில் ரோமானியர்களின் கோட்டை புதைந்திருக்கிறது. உலகில் முதன்முதலாகத் தண்டவாளத்தில் சுமை இழுத்த நீராவி எஞ்சின், ட்ரெவிதிக் என்ற பொறியாளர் செய்தது, 1804 பிப்ரவரியில் புறப்பட்டதும் இதே பெனடாரனின் இரும்பாலையிலிருந்துதான். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் பெருமையாகக் காட்டியது என்னவோ தண்ணீர் தேங்கும் மூலையைத்தான்.

இனி, மேல்தெருப் பெரியவர். அவர் இல்லாமல் இந்தப் புத்தகம் இல்லை.

போருக்குப் பிறகு 1945-ல் ஊர் மறுபடி கிளப் தொடங்கியது. வேல்ஸ் கோப்பையை 1949, 1951, 1987 என மூன்று தடவை வென்றது. இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பில் கொடிகட்டிப் பறந்த வேல்ஸ் வீரர் ஜான் சார்ல்ஸ் எழுபதுகளில் இங்கே வந்து ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்தார். பெரியவருக்கு இதெல்லாம் முன்னுரைதான். அவர் கதையை ஆரம்பிப்பது 1987 செப்டம்பரிலிருந்துதான். 1985-ல் பெல்ஜியத்தின் ஹெய்செல் மைதானத்தில் ரசிகர்கள் நெரிசலில் இறந்த விபத்துக்குப் பிறகு ஆங்கிலேய கிளப்களுக்கு ஐரோப்பாவில் தடை இருந்த நேரம். மெர்த்தர் ஆடியது இங்கிலாந்தின் சதர்ன் லீகில், ஆனால் வென்றதோ வேல்ஸ் கோப்பை. அதனால் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டியில் இடம் கிடைத்தது. எதிரே இத்தாலியின் அட்டலாண்டா, ஊருக்கு ஒன்றாக இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் மெர்த்தரில். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பந்து உதைத்தவர்கள் 2-1 என்று ஜெயித்தார்கள்! கெவின் ராஜர்ஸ் ஒன்று, செரி வில்லியம்ஸ் ஒன்று. செரியின் கோலைப் பெரியவர் எனக்காக டீ மேஜையில் சர்க்கரைக் கிண்ணத்தை வைத்து மூன்று தடவை அடித்துக்காட்டினார். மூன்றாவது தடவை கிண்ணம் உடைந்தது. இரண்டாம் ஆட்டத்தில், இத்தாலியில், 0-2 என்று தோற்றார்கள். அதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். அட்டலாண்டா அந்த வருஷம் அரையிறுதி வரை போனது என்பதை மட்டும் மறக்காமல் எழுதச் சொன்னார்.

அவருக்கும் நூலக நண்பருக்கும் நடந்த சண்டை இன்னும் தீரவில்லை. 2010-ல் ரசிகர்களே சேர்ந்து மெர்த்தர் டவுன் என்று பழைய பெயரில் மறுபடி தொடங்கினார்கள். மூன்று படி கீழே தள்ளப்பட்டு, முதல் வருஷம் டாஃப்ஸ் வெல் என்ற ஊரில் ஆடி, மறு வருஷம் பெனடாரன் திரும்பினார்கள். "அதே கிளப்தான், செத்தது கம்பெனி மட்டும்" என்கிறார் பெரியவர். "கலைத்தது கலைத்ததுதான், கணக்கு புதிது" என்கிறார் நண்பர். தலைப்பில் 'மறைந்த' என்ற சொல்லைப் போடுவதா வேண்டாமா என்று மூன்று வாரம் தவித்தேன். கடைசியில் எடுத்துவிட்டேன். நண்பர் மன்னிக்கவேண்டும், சர்க்கரைக் கிண்ணத்துக்கு நான் கடன்பட்டவன்.

கைப்பிரதியைச் சென்னையில் இருந்து படித்துத் திருத்திய அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்லிக்கொண்டே, "அந்த 61 ஆட்டத்துக்கும் ஊர்க்காரங்க கூடவே போனாங்களாடா?" என்று கேட்டவர். அந்தக் கேள்விக்காக ஓர் அத்தியாயமே கூடிவிட்டது.

பெரியவரே, அட்டலாண்டா ஆட்டத்தன்று மைதானத்தில் விற்ற புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. நாலு நாளாக விடாமல் மழை. நின்றதும் கையோடு கொண்டுவந்து தருகிறேன், புதுக் கிண்ணமும் சேர்த்து.