தூண்டில் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், வருடம் முழுவதும் கூட்டத்துக்கு வராமல் இன்று தேநீருக்காவது வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பின் நிருவாகக் குழு ஏழு தடவை கூடியது. புதிதாக நான்கு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் கொழும்புக்கு மாற்றலாகிப் போனார். சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் பேசுவார். நான் நம் திருகோணமலைக் கடலைப் பற்றிப் பேசுகிறேன்.

வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று நிற்கும்வரை வெளிக்கடல் நமக்கில்லை. அந்த மாதங்களில் இறக்கக்கண்டிப் பாலத்தடியிலே பொழுது போனது. மகாவலி கொண்டுவந்து கொட்டிய கலங்கல் தெளியும்வரை கொட்டியாரக் குடாவில் தூண்டில் போடாதீர்கள் என்று மூதூர் உறுப்பினர்கள் சொன்னார்கள். கேளாமல் போன இருவர் ஆளுக்கொரு கெளுத்தியுடன் திரும்பினார்கள்.

பங்குனி நடுவில் காற்று விழுந்தது. வாடை ஓய்ந்து கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பிடிப்பதற்கு இடையில் கிடைக்கும் சில வாரங்கள்தான் நம் சங்கத்துக்கு வருடம். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போட வந்து இறங்குவதும் அப்போதுதான். வேறு ஊர்க்காரர் பல மைல் ஓடித் தேடும் ஆழம் நமக்குக் கோணேசர் கோயில் மணியோசை கேட்கும் தூரத்திலேயே கிடக்கிறது. விடியற்காலையில் பாறையடியில் சூடை என்னும் சிறு மீன் கூட்டம் மேலெழும்பும். நீர் உலையில் அரிசி கொதிப்பது போலத் துள்ளும். அதன் கீழே பாரை மீன் நிற்கும். இம்முறை பாரையும் சீலாவும் குறையில்லாமல் கிடைத்தன. அறக்குளா மீனைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சித்திரையில் பிற்பகல் இடிமழை வருவதால் நண்பகலுக்குள் கரை சேர வேண்டும் என்ற விதியைப் பெரும்பாலும் எல்லோரும் காத்தார்கள். கச்சானை மட்டும் நாம் இன்னும் மதிக்கப் பழகவில்லை. அது தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. கரையில் அலை அடங்கிக் கிடக்கும். பார்ப்பவருக்குக் கடல் குளமாகத் தெரியும். என்ஜின் நின்றால்தான் விளங்கும். வைகாசியில் நிலாவெளிக்கு நேரே நம் படகொன்றுக்கு அப்படித்தான் நடந்தது. தள்ளிக்கொண்டு போன இடமோ புறாத்தீவு. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனமான இடம்; தீவு மட்டுமல்ல, சுற்றியுள்ள கடலும் சேர்ந்ததுதான் பூங்கா. அங்கே மீன் பிடிக்கக் கூடாது. நம்மவர்கள் என்ஜின் கதையைச் சொன்னார்கள். வந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்ஜின் நின்றது சரி, தூண்டில் ஏன் தண்ணீருக்குள் இருக்கிறது?” என்று கேட்டார். அதற்குப் பதில் இல்லை. படகிலிருந்த மூவரில் செயலாளரும் ஒருவர் என்பதை இங்கே பதிந்துகொள்ளவும்.

சட்டம் தெரியாது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வெடி போட்டோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதற்குத் தடை போட்டிருக்கிறது. வெடி போட்டுப் பிடித்த மீன் விலை மலிவு என்று சந்தையில் வாங்குபவரும் நம்மில் உண்டு, பெயர் சொல்லவில்லை. சவுக்குப் போல வால் நீண்ட சுறாவைப் பிடிப்பது 2012 முதல் குற்றம். தூண்டிலில் அகப்பட்டால் படகில் ஏற்றிப் படமெடுக்காமல் நூலை அறுத்து விட்டுவிடுங்கள். ஆமைக்கும் அதுவே. பங்குனி, சித்திரையில் திமிங்கிலம் கண்ணில் பட்டால் 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது.

சட்டத்தில் எழுதப்படாத ஒன்றும் உண்டு. உப்புவெளிக்கு அப்பால் கரைவலை (கரையில் நின்று இழுக்கும் பெருவலை) வளைத்திருந்தபோது நம் உறுப்பினர் ஒருவர் மூன்று முனைத் தூண்டிலை வலைக்கு மேலாக எறிந்தார். அது வலையின் பை போன்ற மடிக்குள் ஏறிக்கொண்டது. கரையிலிருந்து தங்கூசியை (தூண்டில் நூலை) அவர் இழுக்க இழுக்க வலைக் கண்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் சத்தம் போடவில்லை. வலை கரையேறியதும் கிழிந்த பகுதியை மணலில் விரித்து, ஊசியையும் நூலையும் அவர் கையில் கொடுத்து, “தம்பி, இருங்கள்” என்றார். நம்மவர் வங்கியில் உயர் பதவியில் இருப்பவர். பக்கத்தில் இருந்த பத்து வயதுப் பையன் முடிச்சுப் போட்டுக் காட்ட, இவர் போட்டார், பையன் அவிழ்த்தான், மறுபடியும் போட்டார். வெயில் ஏறும்வரை ஐந்து கண்கள் முடிந்தன. மிச்சத்தைப் பையனே கட்டினான்.

நமக்கு மீன் கிடைக்காவிட்டால் வீட்டில் கேலி. அவர்களுக்கு அடுப்பு எரியாது. ஆகவே கரைவலை வளைத்திருக்கும் இடத்தில் உறுப்பினர் எவரும் தூண்டில் எறியக் கூடாது, மீறினால் ஒரு பருவம் விலக்கப்படுவார் என்ற தீர்மானத்தை இன்று வாக்குக்கு விடுகிறேன். வங்கி உறுப்பினரே முன்மொழியச் சம்மதித்திருக்கிறார்.

வலை திருத்திய நூலுக்கும், அன்று பையனுக்கு வாங்கிக் கொடுத்த சோடாவுக்கும் பற்றுச்சீட்டு இல்லை. அதை எந்தத் தலைப்பில் எழுதினார் என்று பொருளாளர் இப்போது விளக்குவார்.