பல மாடிக் கட்டுமானத்தில் வேலையை நிறுத்தும் அதிகாரம் வேண்டி மனு

அனுப்புநர்:
26 ஆண்டுகள் தளப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
நகரமைப்பு மற்றும் கட்டட அனுமதித் துறை

பொருள்: பல மாடிக் கட்டடங்களில் முட்டு (காங்கிரீட் இறுகும்வரை தளத்தை அடியில் தாங்கும் தற்காலிகக் கால்) அகற்றவும் அடுத்த தளம் வார்க்கவும் கட்டுநரைச் சாராத பொறியாளரின் ஒப்புதலைக் கட்டாயமாக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பல மாடிக் கட்டடங்கள் பாதியில் நின்றுபோனாலோ இடிந்து விழுந்தாலோ பணத்தட்டுப்பாடு, மண் சரியில்லை, மழை என்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் கெடுதல் தொடங்கிய நாளன்றே அது யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மேஸ்திரிக்கோ, கம்பி கட்டுபவருக்கோ, சம்பளத்துக்கு நிற்கும் பொறியாளருக்கோ. வேலையை நிறுத்தத்தான் அவர்களால் முடியவில்லை.

என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். 12 மாடிக் குடியிருப்பு. ஒன்பதாம் தளத்துக்குச் சென்ட்ரிங் (காங்கிரீட் வார்க்கும் பலகை அச்சு) அடிக்க முட்டுகள் போதவில்லை. இன்னொரு லோடு வாடகைக்கு எடுக்க மனமில்லாமல், எட்டாம் தளம் வார்த்த ஐந்தாம் நாளே அதன் அடியிலிருந்த முட்டுகளை உருவினார்கள். கியூப் சோதனை (காங்கிரீட் கட்டியை நசுக்கி வலிமை பார்ப்பது) முடிவு அப்போது வந்திருக்கவில்லை. நான் தடுத்தேன். "தேதி தவறினால் வங்கித் தவணை வராது" என்றார் திட்ட மேலாளர். சில நாளில் ஒன்பதாம் தளத்தை வார்த்தபோது அந்த ஈரக் காங்கிரீட்டின் எடை முழுவதையும், அடியில் தாங்கல் ஏதுமில்லாத இளம் தளம் சுமந்தது. மறுநாள் காலை கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்தேன். தளத்தின் நடுவே நகம் நுழையும் அளவுக்கு விரிசல். நூல் பிடித்தபோது தொய்வும் தெரிந்தது. பதிவேட்டில் "முட்டு முறைப்படி அகற்றப்பட்டது" என்று கையெழுத்திட்டிருந்தவனும் நானே. என் சம்பளத்தைக் கொடுத்தவர் நீட்டிய பதிவேடு அது.

நல்லவேளை, உயிர் போகவில்லை. பலப்படுத்தும் செலவு யாருடையது என்று கட்டுநரும் ஒப்பந்தக்காரரும் நீதிமன்றம் போனார்கள். வங்கி கடனை நிறுத்தியது. முன்பணம் கட்டிய குடும்பங்கள் வீட்டு வாடகையோடு கடன் தவணையும் சேர்த்துக் கட்டின. பல ஆண்டுகள் கழித்து நான் போனபோது, தூண் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைத் தொட்டால் துரு பொருக்காக உதிர்ந்தது.

காங்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் கணக்கிடுகிறோம். 7ஆம் நாளில் அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். குளிர் மிகுந்தால் அதுவும் வராது. கலவை எளிதாக ஓட வேண்டும் என்று ஓஸ் பைப்பைத் திறந்து தண்ணீர் விட்டிருந்தால் இன்னும் குறையும். எனவே நாட்களை எண்ணி முட்டு எடுப்பது போதாது, வலிமையைச் சோதித்தே எடுக்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1973இல் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி ஒன்றில் மேல்தளங்களின் முட்டுகளை முன்கூட்டியே எடுத்ததால் கட்டடம் அடிவரை சரிந்து 14 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

கட்டி முடித்த பிறகும் இதே கதைதான். சியோல் நகரின் சாம்பூங் பல்பொருள் அங்காடியில் 1995இல் 502 பேர் இறந்தார்கள். வடிவமைப்பில் இல்லாத ஐந்தாம் தளம் சேர்க்கப்பட்டிருந்தது, தூண்கள் மெலிக்கப்பட்டிருந்தன. அன்று காலையே விரிசல் பெருகியதை நிர்வாகம் பார்த்தது, ஆனால் கடையை மூடவில்லை. வங்கதேசத்தின் ராணா பிளாசாவில் 2013இல் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் நாளே பொறியாளர் ஒருவர் விரிசலைப் பார்த்து ஆபத்து என்று சொல்லியிருந்தார். மறுநாள் தொழிலாளர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். அந்தப் பொறியாளரின் சொல்லுக்குச் சட்டத்தின் பலம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அஸ்திவாரம் முடிந்ததும், ஒவ்வொரு தளத்தின் முட்டும் எடுக்கும் முன்பும், அடுத்த தளம் வார்க்கும் முன்பும், வேலை நின்று கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். கையெழுத்திடும் பொறியாளரைத் தங்கள் துறை நியமிக்க வேண்டும். அவருடைய ஊதியத்தை அனுமதிக் கட்டணத்தோடு முன்கூட்டியே துறையிடம் கட்டச் செய்யலாம், கட்டுநரின் கையால் அது போகவே கூடாது. அனுமதிக்குப் பின் ஒரு தளம் கூட்டினாலும், ஒரு தூணை நகர்த்தினாலும், வரைபடம் போட்ட கட்டமைப்புப் பொறியாளரின் மறுகணக்கு இல்லாமல் தொடர விடக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. இதைச் சேர்க்காவிட்டால் மற்றவை காகிதத்திலேயே நின்றுவிடும். பாதுகாப்புக்காக நிறுத்திய நாட்களை ஒப்பந்தக் கெடுவிலும் வங்கித் தவணைக் கெடுவிலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். தாமதத்துக்கு அபராதம் காத்திருக்கும்வரை எந்தக் கட்டுமான இடத்திலும் யாரும் வேலையை நிறுத்த மாட்டார்கள்.

முட்டு அகற்றும் பதிவேட்டுக்கு மாதிரிப் படிவம் ஒன்றை நானே தயாரித்து இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து விளக்கவும் தயாராக இருக்கிறேன். உரிய ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற தளப் பொறியாளர்

இணைப்பு: முட்டு அகற்றும் பதிவேட்டின் மாதிரிப் படிவம்